தாஸன் எழுதிய நாற்பத்தோரு புத்தகங்கள்

சென்னையில் உள்ள ஒரு மின்னூலகம், நான் உயிரோடிருக்கும்போதே என்னைச் செத்தவர் கணக்கில் எழுதியது. எழுதியதோடு நிற்கவில்லை. செத்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் என் புத்தகத்தின்மேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் கிடையாது என்று உலகத்துக்கும் அறிவித்தது. இவர்களெல்லாம் படித்தவர்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள்.

என் புத்தகம் பெரிய புத்தகம் அல்ல. இருநூற்று எட்டுப் பக்கம். தணிக்கை அலுவலகத்தில் மற்றவர்கள் போட்ட கூட்டல்களைச் சரிபார்த்தே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றுச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்ததும் செய்த காரியம் அது. எங்கள் ஊரில் ஒரே கோயிலில் ஒரே பெருமாளைச் சேவிக்கிற நாங்கள் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. நெற்றியில் நாமத்தின் வடிவம் வேறு. பெருமாள் முன்னால் எந்தப் பாட்டை யார் முதலில் தொடங்குவது என்பதற்காகவே கோர்ட்டுக்குப் போன ஊர் இது. அப்படிப்பட்ட இரண்டு பிரிவாரும் ஒப்புக்கொள்ளும் பழைய உரைநூல் ஒன்று உண்டு. அந்த உரைகாரர் சான்றாகத் தமிழ்ப் பாசுரங்களை அதிகம் காட்டுகிறாரா, வடமொழி வாக்கியங்களை அதிகம் காட்டுகிறாரா என்று இரு பக்கத்துப் பண்டிதர்களும் தலைமுறை தலைமுறையாகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் பேச்சு நின்றுவிடுமே என்ற பயமாக இருக்கலாம்.

நான் எண்ணினேன். தமிழ் மேற்கோள் 1,160. வடமொழி மேற்கோள் 1,094. அறுபத்தாறு வித்தியாசத்தில் தமிழ் முந்துகிறது. தென்கலையாரான எங்கள் பக்கத்தார் சொல்லிவந்தது அதுதான். ஒவ்வொரு மேற்கோளும் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று அட்டவணை போட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐந்நூறு பிரதி அச்சிட்டோம். வெளியிட்டது எங்கள் பக்கத்துச் சபை ஒன்று. அது பிறகு தலைவர் நாற்காலிச் சண்டையில் கலைந்துபோயிற்று. ஒன்பது பேர் சபையில் நான்கு பேர் தலைவராக விரும்பினால் வேறென்ன ஆகும்?

அச்சகம் ஈய எழுத்துக் கோக்கும் பழைய அச்சகம். மூன்று முறை புரூஃப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாக இருந்த எண், அச்சேறும் நாளில் எழுத்துகள் சரிந்து, அள்ளி அடுக்கியவரின் அலட்சியத்தில் 1,016 ஆயிற்று. அட்டவணைக்குள் எங்கோ மூலையில் அல்ல. மொத்தம் போட்ட இடத்தில். புத்தகத்தை எடுக்கிற எவனும் முதலில் புரட்டுகிற பக்கத்தில். என் வாயாலேயே எதிர்ப் பக்கம் வென்றுவிட்டது. பைண்டிங் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. ரோஸ் நிறத் தாளில் பிழைதிருத்தம் அச்சிட்டேன். இருபத்தேழு திருத்தங்கள்; முதல் திருத்தம் இந்த எண். ஐந்நூறு பிரதியிலும் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகினேன். வாங்கியவர்கள் அந்தத் தாளை எடுத்து என்ன செய்தார்கள் என்பதைப் பல வீடுகளில் பிறகு பார்த்திருக்கிறேன். நாமம் இடும் திருமண் கட்டியை மடித்து வைக்க அளவான தாள் போலிருக்கிறது.

புத்தகத்தில் என் பெயர் இல்லை. எங்கள் வழக்கத்தில் யாரும் போடுவதில்லை. எழுதுகிறவன் வெறும் கருவி, சொல்லெல்லாம் ஆசார்யருடையது என்பது கொள்கை. முகவுரையின் அடியில் ‘தாஸன்’ என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வோம். என் அப்பா அப்படித்தான் போட்டார். எதிர்ப் பக்கத்தாரும் அப்படித்தான் போடுவார்கள். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பிரிவுக்கும் சண்டை இல்லை.

புத்தகம் வந்த மறு ஆண்டு அதற்கு ஒரு மறுப்பு வந்தது. எழுதியவர் பக்கத்துத் தெருவில் இருந்த எதிர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற சமஸ்கிருத ஆசிரியர். நாற்பது பக்கத்தில் என்னைப் பதினோரு இடத்தில் மூடன் என்று எழுதியிருந்தார். அவரும் கடைசியில் தாஸன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நாங்கள் கோயிலில் தினமும் பார்த்துக்கொண்டோம், ஒருவரையொருவர் இடக்காகப் பேசிக்கொண்டோம், நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் கம்ப்யூட்டரில் எடுத்த ஒற்றைத் தாள்.

“ஓய், உள்ளே இருக்கீரா? செத்துப்போனவாள்ளாம் கூப்பிட்டா வருவாளோன்னு ஒரு சந்தேகம்.”

“வரேன் ஸ்வாமி. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“பேரன் கம்ப்யூட்டர்ல காமிச்சான். உம்ம புஸ்தகத்தை முழுசாப் படம் பிடிச்சுப் போட்டிருக்கா. லோகமே பாக்கறது. அமெரிக்காவிலேர்ந்து ஆப்பிரிக்கா வரைக்கும் இனிமே தமிழ் மேற்கோள் ஆயிரத்துப் பதினாறுதான். நீரே ஒத்துண்டுட்டீர்.”

“பிழைதிருத்தத் தாள்?”

“அது என்ன தாள்? அப்படி ஒண்ணு இருந்ததாவே நேக்கு ஞாபகம் இல்லையே.” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றே காந்தி ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எட்டு கம்ப்யூட்டர், அதில் மூன்று ஓடவில்லை, ஓடிய ஐந்தில் நான்கில் சீட்டாட்டம். நடத்துகிறவர் என்னை ஐந்தாவதில் உட்கார வைத்தார்.

“சார், லோடு ஆய்க்கினே இருக்குது. கொஞ்சம் பொறுமையா இருங்க. உங்க வயசுக்கு என்ன அவசரம்?”

என் வயதுக்குத்தானே அவசரம்! ஒருவழியாகப் பக்கம் திறந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் அறக்கட்டளை நடத்தும் மின்னூலகம். ‘அழிந்துவரும் அறிவைக் காப்போம்’ என்று மேலே எழுதியிருந்தது. ஆசிரியர் பெயரில் தேடும் இடத்தில் ‘தாஸன்’ என்று ஒருவர் இருந்தார். அவர் நாற்பத்தோரு புத்தகம் எழுதியிருந்தார். முதல் புத்தகத்துக்கும் கடைசிப் புத்தகத்துக்கும் நடுவில் நூற்றிருபது ஆண்டு இடைவெளி இருந்தது. எவருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் புத்தகத்தை எழுதிய மகான் மறைந்த ஆண்டை எங்கிருந்தோ கண்டுபிடித்து, நாற்பத்தொன்றுக்கும் அதையே மறைவு ஆண்டாகப் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் என் அப்பாவுக்கு ஏழு வயது. ஆகவே நான் என் அப்பாவின் உபநயனத்துக்கு முன்பே இறந்து, அதற்கு எத்தனையோ காலம் கழித்து ஈய எழுத்தில் புத்தகம் போட்டிருக்கிறேன்.

பட்டியலில் முப்பத்து மூன்றாவது என் புத்தகம். முப்பத்து நான்காவது அதற்கான மறுப்பு. இரண்டும் ஒரே ஆசிரியர். இரண்டு கலையாரையும் ஒரே மனிதராக ஆக்குவது எங்கள் ஊரில் எந்த நீதிபதியாலும் முடியாமல் போன காரியம். அதை ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டது. மறுப்பு நூலின் கீழே அறிஞர் எவரோ எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: ஆசிரியர் பிற்காலத்தில் தம்மையே கடுமையாகச் சாடிக்கொள்கிறார் என்றும், தாம் ஒருபோதும் கூறாத எண்ணைக் கூறியதாக நினைத்து மறுப்பதால் முதுமையின் நினைவுத் தடுமாற்றம் தெரிகிறது என்றும். இதை எழுதியவருக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் சாம்பல் நிறத்தில் குறுக்காக ஒரு முத்திரை. ‘உரிமை அறக்கட்டளைக்கே. அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது.’ எனக்கு உரிமை இல்லை என்பதைச் சட்டத்தைக் காட்டிச் சொன்னவர்கள், தங்களுக்கு இருப்பதை ரப்பர் ஸ்டாம்பைக் காட்டிச் சொன்னார்கள். மொத்தம் போட்ட பக்கத்தில் முத்திரை சரியாக 1,016-ஐத் தொடாமல் பக்கத்தில் விலகிப் போயிருந்தது. பளிச்சென்று தெரிந்தது.

என்னிடம் மீதியிருந்த ரோஸ் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். அந்த ஒரு தாளைக் கடைசியில் சேர்த்துவிட்டால் போதும். நான் செத்ததைப் பற்றிக்கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. எண்ணாமல் பேசியவர்கள் நடுவில் எண்ணிப் பேசியவன் ஒருவன் இருந்தான். அவன் கணக்கு சரி. இது நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அலுவலகம் குளிரூட்டிய கூடம். பொறுப்பில் இருந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் காரியம் நடக்காது.

“சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஆத்தரோட பர்மிஷன் இல்லாம கன்டென்ட்ல நாங்க கை வைக்க மாட்டோம். அது எங்க பாலிசி.”

“ஆத்தர் நான்தான் அம்மா.”

“ஆத்தர் இறந்துட்டாரே, சார்.”

“எப்படித் தெரியும்?”

“சிஸ்டம்ல இருக்கே.” திரையை என் பக்கம் திருப்பினார். நான் என் மறைவு ஆண்டைப் பார்த்தேன். “நீங்க அவரோட லீகல் வாரிசா, சார்? வாரிசுச் சான்றிதழ் இருந்தா பாக்கலாம்.”

“எனக்கு நானே வாரிசா?”

“அப்படி இல்ல சார்... புக்ல உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்களேன்.”

காட்ட இல்லை. தாஸன் என்பது ஒருவர் பெயரல்ல, எங்களில் எழுதுகிற அத்தனை பேரும் போடுவது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்ப ஆத்தர் ஃபீல்டுல என்ன சார் போடறது? காலியா விட்டா சிஸ்டம் எடுத்துக்காது” என்றார். அனுமதி வாங்காமல் இருநூற்று எட்டுப் பக்கத்தைப் போடலாம். அனுமதி வாங்காமல் ஒரு தாளைச் சேர்க்க மட்டும் கூடாது. இதை அவரிடமே சொன்னேன். “கரெக்ட் சார்” என்றார். காபி கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

ஊருக்குத் திரும்பி வக்கீலிடம் போனேன். ஐயம்பேட்டைக்காரர். எல்லைத் தகராறும் ஜீவனாம்சமும் பார்க்கிறவர். பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்க்க எனக்காகப் புதிதாக ஒரு புத்தகம் வாங்கினார். மறு வாரம் போனபோது அதில் ஏழெட்டு இடத்தில் தாள் செருகி வைத்திருந்தார்.

“சாமி, முதல்ல ஒண்ணு. பேரு போடாத புக்குன்னா எழுதுனவர் எப்ப செத்தாருன்னே பாக்க வேணாம். புக்கு வெளிவந்து அறுபது வருஷம் உரிமை இருக்குது. உங்க புக்குக்கு இன்னும் பதினஞ்சு வருஷம்கூட ஆவல. அவங்க போட்டதே தப்பு. ரெண்டாவது, உள்ளதை உள்ளபடி போட்டோ புடிச்சதுக்கெல்லாம் புதுசா உரிமை வந்துடாது. அந்த முத்திரை சும்மா மெரட்டல். மூணாவது, எழுதுனவரு நான்தான்னு நீங்க வெளிய சொல்லி நிரூபிச்சுட்டா, உங்க காலம் வரைக்கும், அதுக்கப்புறம் அறுபது வருஷமும் உங்க குடும்பத்துக்கு.”

“எனக்கு அறுபது வருஷம் வேண்டாம். ஒரு தாளைச் சேர்க்க வேண்டும்.”

“அதுக்கும் அதே வழிதான் சாமி. நீங்கதான் தாஸன்னு நிரூபிக்கணும். கையெழுத்துப் பிரதி இருக்குதா?”

“அச்சகத்துக்குப் போனது திரும்பி வரவில்லை.”

“சபை?”

“இல்லை.”

“உங்களுக்கு வேண்டியவங்க சாட்சி சொன்னா எடுபடாது. வேண்டாதவன் எவனாவது இருக்கானா?”

அந்த விஷயத்தில் எனக்குக் குறையில்லை. பையிலிருந்து மறுப்பு நூலை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது: ‘நம் தெருவுக்கு அடுத்த தெருவின் கீழ்க்கோடி வீட்டில் வசிப்பவரும், சர்க்கார் தணிக்கையில் பிறர் கணக்கைக் கிளறியே வயிறு வளர்த்தவருமான ஒரு மூடர், தமிழ் மேற்கோள் 1,160 என்று எழுதத் துணிந்தார்.’ வக்கீல் சத்தமாகப் படித்தார். குமாஸ்தாவையும் கூப்பிட்டு இன்னொரு முறை படித்தார்.

“இதவிட ஆதாரம் என்னா சாமி வேணும்? அட்ரஸ், உத்தியோகம், நீங்க சொன்ன நெம்பர், எல்லாம் அச்சுல இருக்குது. உங்களைத் திட்டுன திட்டுலயே நீங்க பொழைச்சிக்கினீங்க. இதை எழுதுனவரு வந்து ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது.”

அவர் போடுவாரா என்பதுதான் கேள்வி. அவருடைய பக்கம் அநியாயமாக வென்றிருக்கிறது. வென்றதைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

மறுநாள் காலை ஆவின் பூத்தில் அவரைப் பிடித்தேன். கையில் இரண்டு பாக்கெட் பால்.

“ஸ்வாமி, ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்.”

“உமக்கா? நன்னாருக்கே! ஆயிரத்துப் பதினாறு அப்படியே இருக்கட்டும் ஓய். பெருமாளாப் பாத்துப் பண்ணின திருத்தம் அது.”

“இருக்கட்டும். இந்தத் தாளை ஒரு தடவை வாசியுங்கோ.” அவர் பேரன் எடுத்துக் கொடுத்தது பட்டியலில் என் புத்தகத்தோடு முடிகிற பக்கம்தான். நான் முப்பத்து நான்காவது புத்தகத்தின் பக்கத்தைக் குறிப்போடு எடுத்து வந்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். பால் பாக்கெட் அவர் வேஷ்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நினைவுத் தடுமாற்றமா? யாருக்குங்காணும்?”

“தாஸனுக்கு.”

“உமக்கா, நேக்கா?”

“ரெண்டு பேரும் ஒருத்தர்னுதானே போட்டிருக்கா.”

வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி, “சாமி, கொஞ்சம் நவுந்து நின்னு சண்டை போடுங்கபா” என்றாள். நகர்ந்து நின்றோம்.

“நானும் நீரும் ஒருத்தரா?” தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். “உம்ம நாமத்தை என் நெத்தியிலே போட்டாப்ல இருக்கே ஓய்! சரி, அது கிடக்கட்டும். தாம் ஒருபோதும் கூறாத எண்ணுன்னு எழுதியிருக்கானே, எந்த எண்?”

“ஆயிரத்து நூத்தறுபது. தேவரீர் நாப்பது பக்கமும் மறுக்கிறது அதைத்தானே. அங்கே இருக்கிற என் புஸ்தகத்திலே அந்த எண்ணே இல்லை. ரோஸ் தாள்லதான் இருக்கு.”

நாலு வேதமும் தெரிந்தவர் என்று அந்தத் தெருவில் பெயர் வாங்கியவருக்கு இது உறைக்க இவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் மறுப்பு நிற்க வேண்டுமானால் என் கணக்கு முதலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவர் காற்றோடு கத்திச் சண்டை போட்டவர். என்னைத் தோற்கடித்ததாக நினைத்து வாசலில் வந்து சிரித்தவர், அந்த 1,016-ஆல் தாமே இல்லாமல் போயிருந்தார்.

“வக்கீல் ஆபீஸ் எங்கே இருக்கு?” என்றார்.

பிரமாணப் பத்திரத்தில் அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மேற்படி நூலை எழுதியவர் இவரே என்று உறுதி கூறுவதால், மேற்படி நூல் அபத்தம் என்ற தம் கருத்தில் யாதொரு மாற்றமும் இல்லை என்று. வக்கீல் என்னைப் பார்த்தார். போடச் சொன்னேன். அபத்தம் என்பது அபிப்பிராயம். எண் என்பது எண்.

என் பத்திரத்தில் பெயர், தகப்பனார் பெயர், வயது என்று வந்த இடத்தில்தான் பேனா நின்றது. எங்கள் வழக்கத்தில், எழுதிய நூலுக்குத் தாஸன் என்பதைத் தாண்டிப் பெயர் சொன்னவர் இல்லை.

“எழுதும் ஓய்” என்றார் எதிரி. “இனிமே உம்ம பேரை எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். திட்டறதுக்கு நேக்கும் சௌகரியமா இருக்கும்.”

பெயரில்லாமல் எழுதினால் புகழ் நம்மிடம் தங்காமல் ஆசார்யர் திருவடிக்குப் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பும் அங்கேதான் போய்ச் சேரும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகான் ஒருவருடைய மறைவு ஆண்டுக்குக் கீழே என் அச்சகத்தின் தப்பு உட்கார்ந்திருக்கிறது. முழுப் பெயரையும் எழுதினேன். இனிஷியலோடு எழுதினேன்.

ஊரில் விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டிக்குப் போய் நின்றபோது முன்வரிசையில் ஒருவர், “ஆசிரியர் ஸ்வாமி வந்துட்டார், வழி விடுங்கோ” என்றார். இவர் இதுவரை எழுதியது வண்ணான் கணக்கு மட்டும்தான். பிறகு ஆறு பேர் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். ஒன்றுகூடப் புதிதாக இல்லை.

மின்னூலகத்துக்கு இரண்டு பத்திரங்களும் போயின. இரண்டு மாதம் மூச்சே இல்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று போன பிறகு மூச்சு வந்தது. தாஸனிடமிருந்து எங்கள் இருவரையும் பிரித்து எடுத்தார்கள். அவர் புத்தகத்தின் கீழிருந்த நினைவுத் தடுமாற்றம் போயிற்று. என் புத்தகத்தில் முத்திரை போயிற்று. புத்தகத்தை அவர்கள் வைத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் அதை நிபந்தனையாகப் போட்டிருந்தேன். ரோஸ் தாள் இருநூற்று எட்டாம் பக்கத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. இருபத்தேழு திருத்தமும் படிக்கத் தெரிந்தது. மீதி முப்பத்தொன்பது புத்தகத்தையும் ஒரே தாஸன்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். முத்திரையும் அவற்றின்மேல் அப்படியே இருக்கிறது. ஏன் என்று கேட்டு எழுதினேன். அவற்றின் ஆசிரியர் எவரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை என்று பதில் வந்தது. செத்தவர்கள் ஆட்சேபிக்கவில்லையாம்!

பிரவுசிங் சென்டரில் கடைசியாக எடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவியிடம் காட்டினேன். ஆசிரியர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, அதன்பின் காலி இடம்.

“இந்தக் காலி இடம் என்னத்துக்கு?”

“அதை நிரப்பின வருஷத்திலேர்ந்து அறுபது வருஷம் உங்களுக்கெல்லாம் உரிமை.”

“நம்ம பிள்ளைகளுக்கா? பெரியவனுக்குத் தமிழ்ல கையெழுத்தே போட வராது.” தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “சரி, நீங்க போனப்புறம் உள்ளே இன்னொரு தப்பு இருக்கறது தெரிஞ்சா? அவன்கிட்டே போய் அனுமதி கேப்பாளா?”

இருபத்தேழு என்பது அன்று என் கண்ணில் பட்டது மட்டும்தான். பேர் இல்லாதவரை தாஸனுடைய தப்பு. இனி ஒன்று அகப்பட்டால் அது என்னுடையது, அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஆண்டு விழுந்த பிறகும். உரைநூலையும் என் புத்தகத்தையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் மேற்கோளிலிருந்து ஒத்துப்பார்க்கத் தொடங்கினேன்.

காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். “சரியா இருக்கா?”

“இதுவரைக்கும் இருக்கு” என்றேன்.